கூட்டத்துக்குத் தொண்டை கொடுக்கிறவர்

சந்தியாகு குனிந்து ஒரு பிடி மணலை அள்ளுகிறார். கையை இடுப்பு உயரத்தில் நீட்டி, விரல்களைக் கொஞ்சமாகத் திறக்கிறார். மணல் வடக்கே சாய்ந்து விழுகிறது. "சோழகம் வந்துருச்சு. நாக்காலிய எல்லாம் தெக்கால தூக்கிப் போடுங்க. பொம்பளைங்க வடக்க போயி உக்காருங்க" என்கிறார். மாதா கோயில் சுவரோரம் பந்தல்கால் நட்டு, தோரணம் கட்டி, மேசைக்கு விரிப்பும் போட்டு முடித்துவிட்ட பஞ்சாயத்து ஆட்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். சுளித்துக்கொண்டே தூக்கிப் போடுகிறார்கள். தென்காற்று அடிக்கும்போது பேசுகிறவர் தெற்கே நின்றால்தான் பேச்சு ஜனங்களிடம் போகும். இல்லாவிட்டால் பனங்காட்டுக்குப் போய்விடும். வரவேற்புக் கமிட்டிக் காரியதரிசி தம் நாற்காலியைத் தாமே சுமந்துகொண்டு மணலில் தள்ளாடிப் போவதைப் பார்க்க எனக்கு எப்போதும் சந்தோஷமாக இருக்கும்.

நான் ராமநாதபுரத்திலிருந்து ஒரு பத்திரிகைக்குச் செய்தி எழுதுகிறவன். இந்தப் பக்கத்தில் எங்கே கூட்டம் என்றாலும் பஸ் சார்ஜைக் கையில் கொடுத்து என்னை ஏற்றிவிட்டுவிடுவார்கள். தீண்டாமை ஒழிப்பு வாரம், மதுவிலக்குப் பிரசாரம், மரம் நடு விழா, கிராம முன்னேற்ற மகாநாடு, எல்லாவற்றுக்கும் போயிருக்கிறேன். எல்லாவற்றிலும் அதே சாமந்தி மாலை, அதே கலர் சோடா. பேச்சாளர் "முடிவாக ஒன்று சொல்லி அமர்கிறேன்" என்றால் இன்னும் பாதிப் பேச்சு பாக்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் அளவுக்கு அனுபவம். சுதந்திரம் வந்த நாளிலிருந்து நாட்டில் எது குறைந்தாலும் கூட்டம் குறையவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அலுத்துவிட்டது. உச்சிப்புளிக்குத் தெற்கே உள்ள இந்தக் கரை ஊரில் கூட்டம் என்றால் மட்டும் நானாகவே கிளம்புகிறேன். சந்தியாகுவுக்காகத்தான்.

காலையில் அவர் மீன் ஏலம் கூறுகிறவர். வத்தைப் படகுகள் கரை ஏறியதும் மீனைக் குவியல் குவியலாகக் கொட்டுவார்கள். வியாபாரிகள் சுற்றி நிற்க, நடுவில் நின்று விலையைக் கூவி, "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று இழுத்து, கை தூக்கினவனுக்கு மூன்றாவது தரத்தில் முடித்து வைப்பது அவர் தொழில். ஆள் குள்ளம். கூட்டத்தில் நின்றால் தலை தெரியாது. குரலோ, அலை இரைச்சலைத் தாண்டிப் பனங்காட்டில் நுங்கு வெட்டுகிறவனுக்கும் அன்றைய மீன் விலையைச் சொல்லிவிடும். இந்தக் குரல் அவருக்குக் கரையில் மட்டும்தான். வீட்டில் தண்ணீர் வேண்டுமென்றால்கூடச் செம்பைக் காட்டுவாரே தவிர வாய் திறக்கமாட்டார். "கலியாணம் ஆன புதுசுல இந்த மனுசன் ஊமையோன்னு பயந்துட்டேன். மறுநா கரைக்குப் போனப்பதான் தெரிஞ்சது" என்பாள் அவர் மனைவி மிக்கேலம்மாள்.

கட்சிக்காரர்கள் வந்தால் மைக் செட் கொண்டுவருவார்கள். சர்க்கார் கூட்டத்துக்கு மைக் வராது. கடல் இரைச்சலுக்கு முன்னால் ஆபீசர்களின் குரல் எடுபடுவதும் இல்லை. ஆகவே பேச்சாளருக்குப் பக்கத்தில் சந்தியாகுவை நிறுத்திவிடுவது வழக்கமாகிவிட்டது. அவர் ஒரு வாக்கியம் பேச, இவர் அதை வாங்கி, இடது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, வடக்கே திரும்பிக் கூவுவார். கன்னத்தில் ஒரு பனங்கல்கண்டு அடங்கியிருக்கும். கூலி என்று எதுவும் கிடையாது. கூட்டம் முடிந்ததும் மேசையில் மிஞ்சிய சோடாவை யாராவது நீட்டுவார்கள். அதையும் அவர் வாங்குவதில்லை, "கேஸு தொண்டையப் புடிக்கும்" என்று.

கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லுகிற ஆள் என்று நினைத்துவிடக்கூடாது. தலைவரைப் புகழும் பேச்சுக்கு அவர் தொண்டையைச் செலவழிக்கமாட்டார். "இப்பத் தலைவரப் பத்திச் சொல்றாக, முடியட்டும்" என்று ஒரே வரியில் கூவிவிட்டு, அந்த நேரத்தில் கல்கண்டை மாற்றிக்கொள்வார். ஐந்தாண்டுத் திட்டத்தைப் பற்றி ஒருவர் அரைமணி நேரம் விளக்கியபோது இவர் கூவியது, "அஞ்சு வருசம் பொறுத்துக்கிறணுமாம்!" என்பதுதான். பெண்கள் பக்கத்தில் பெருமூச்சு கேட்டது. பேச்சாளர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

ஒருநாள் அவரிடம், தொண்டை வலிக்காதா என்று கேட்டேன். "தொண்டைக்கு ஒன்னும் இல்லங்க. காதுதான் அலுத்துப்போச்சு. கூட்டத்துல எல்லாரும் தூங்குவாக. தூங்கக்கூடாத ஒரே ஆளு நாந்தானே? ஒரு சொல்லு விடாமக் கேக்கணும்ல" என்றார். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டே தூங்கப் பழகியவன்.

அவருடைய கஷ்டம் தொண்டையிலும் இல்லை, காதிலும் இல்லை. கரையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஏலம் எடுத்த வியாபாரி பேச்சு மாறிவிட்டால் அந்த மீனின் விலைக்கு ஏலம் கூறினவரே பொறுப்பு. படகுக்காரன் வியாபாரியைத் தேடிப் போகமாட்டான். அவனுக்குத் தெரிந்தது சந்தியாகுவின் வாய்தான். ஒருமுறை அபிராமத்து வியாபாரி ஒருவன் திருக்கை மீன் குவியலை எடுத்துவிட்டு, மாட்டைப் பூட்டி வருகிறேன் என்று போனவன் திரும்பவில்லை. அவ்வளவு திருக்கையும் சந்தியாகு வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. புருஷனும் பெண்டாட்டியுமாகக் கீறி உப்புப் போட்டு உலர்த்தினார்கள். அந்த வாரம் பூராவும் பூசையில் மீன் நாற்றத்துக்குப் பயந்து தன் பக்கத்தில் யாரும் முழங்கால் போடவில்லை என்று மிக்கேலம்மாள் இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

மீனுக்கு உள்ள இந்த நியாயத்தை ஊர் ஜனங்கள் கூட்டத்துக்கும் வைத்துக்கொண்டுவிட்டார்கள். இதை வேறு எந்த ஊரிலும் நான் கண்டதில்லை. மற்ற ஊர்களில் மந்திரி சொன்னார், தாசில்தார் சொன்னார் என்பார்கள். இங்கே எல்லாம் சந்தியாகு கூறினது. ரோடு வரவில்லையா, ஆஸ்பத்திரி வரவில்லையா, நேரே அவர் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். சண்டைக்கு வருவதில்லை. வராத மீன்காசைக் கேட்பதுபோல நிதானமாக, "நீங்கதானே கூறுனீக?" என்று கேட்பார்கள். வேறு யாராவது என்றால் சிரித்து அனுப்பியிருப்பான். இந்த மனிதர், "ஆமா, நாந்தான் கூறுனேன்" என்று ஒப்புக்கொள்கிறார். எனக்கு அவர்மேல் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

கரைக்கு வடக்கே, நஞ்சையும் புஞ்சையும் தொடங்குகிற இடத்தில், விவசாயக் கூலிகளின் குடிசைகள் இருக்கின்றன. பூமயில் அங்கே இருக்கிறவள். நாற்று நடவும் களை பறிக்கவும் போகிறவள். பண்ணைக் கிணற்றில் அந்தக் குடிசைக்காரர்கள் வாளி இறக்கக் கூடாது. யாராவது இரக்கப்பட்டு ஊற்றினால் பிடித்துக்கொள்ளலாம். தீண்டாமை ஒழிப்பு வாரத்தில் ஒரு பெரியவர் வந்து, புதுச் சட்டம் வந்திருக்கிறது, எல்லாக் கிணறும் எல்லாருக்கும் பொது என்று பேசினார். சந்தியாகு மனம் குளிர்ந்து, இரண்டு முறை கூவினார். மறுநாள் விடிந்ததும் பூமயில் குடத்தை எடுத்துக்கொண்டு பண்ணைக் கிணற்றுக்குப் போய்விட்டாள். திரும்பும்போது அவள் கையில் குடத்தின் கழுத்து மட்டும் இருந்தது. அதைக் கொண்டுவந்து சந்தியாகுவின் முன்னால் வைத்தாள். "அண்ணே, நீங்க கூறுனது அங்கன செல்லலயே" என்றாள்.

சந்தியாகு உள்ளே போய், தம் வீட்டுக் குடத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். மிக்கேலம்மாளுக்கு இருந்தது அந்த ஒரு நல்ல குடம்தான். அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு கிணற்று விவகாரம் வந்தது. போன வருஷத்துக்கு முந்தின கோடை. கரையிலும் தண்ணீர்க் கஷ்டம்தான்; பெண்கள் மணலைத் தோண்டி ஊற்றுக்கண்ணில் ஊறுவதைச் சிரட்டையால் அள்ளிக் குடத்தை நிரப்ப வேண்டும். கரைக்கும் குடிசைகளுக்கும் நடுவில் உள்ள புறம்போக்கில் ஒரு பொதுக் கிணறு போடலாம், தோண்டுவது உங்கள் பாடு, சிமெண்டு உறை இறக்குவது எங்கள் பாடு என்று அப்போது இருந்த ஆபீசர் வந்து சொன்னார். சந்தியாகு கூவினார். இரண்டு பக்கத்துப் பெண்களும் மண்வெட்டியோடு இறங்கினார்கள். மீன்காரிகளும் நடவுக்காரிகளும் ஒரே குழியில் நின்று மண் தூக்கியதை நானே பார்த்தேன். தண்ணீர் வந்தபோது பூமயில் ஒரு சிரட்டையில் எடுத்துக் குடித்துவிட்டு, அதே சிரட்டையை மிக்கேலம்மாளிடம் நீட்டினாள். அவளும் குடித்தாள். நல்ல தண்ணீர். அந்தச் செய்தியை மட்டும் நான் தூங்காமல் எழுதினேன். பத்திரிகையில் இடமில்லை என்று போடவில்லை.

உறை வரவில்லை. ஆபீசருக்கு மாற்றல் வந்தது. உறை இல்லாத மணற்கிணறு நிற்காது என்பது குழந்தைக்கும் தெரியும். பெண்கள் பழையபடி சந்தியாகுவின் வாசலுக்கு வந்தார்கள். அவர் நடையாய் நடந்து பார்த்தார். வெட்டிவைத்த கிணறு நாளுக்கு நாள் சரிந்துகொண்டே வந்தது. கடைசியில் தம் அப்பன் காலத்து வத்தையைக் கரையில் கவிழ்த்துப் போட்டு, பலகை பலகையாகப் பிரித்து, கிணற்றுக்குள் சுற்றிலும் முட்டுக் கொடுத்தார். ஐப்பசி மழை வரைக்கும் தாங்கியது. ஒரு காலையில் போய்ப் பார்த்தபோது கிணறும் இல்லை, பலகையும் இல்லை. கொஞ்சம் பள்ளமான மணல் மட்டும் இருந்தது.

அதற்குப் பிறகு கரையில் அவருக்கு மரியாதை குறைந்தது. விலையைக் கூறி முடித்தால் வியாபாரிகள், "அண்ணே, மீனுக்கு உறை உண்டா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். இரண்டு படகுக்காரர்கள் ஏலத்துக்கு எட்வர்ட் என்கிற இளவட்டத்தை வைத்துக்கொண்டார்கள். எட்வர்ட் குரல் ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் அவன் கூட்டத்தில் கூவுகிறவனில்லை. மிக்கேலம்மாள் அப்போதுதான் வாய் திறந்தாள். "குடம் போச்சு, வத்தை போச்சு. இன்னொரு தரம் உறை வரும்னு கூறுனா ஏலமும் போயிரும். இனி இந்த வீட்டுல எடுத்துக் குடுக்க ஒன்னும் இல்ல. வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க." அவர் தலையை ஆட்டினார்.

போன மாதம் மறுபடியும் கூட்டம். புது ஆபீசர் குருநாதன் என்பவர் வந்திருந்தார். இளைஞர். மணலில் நடக்கத் தெரியாமல் பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்ததால் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. கோடை உச்சத்தில் இருந்தது. ஊற்றுக்கண்கள் எல்லாம் உவர்த்துப்போயிருந்தன. இரண்டு பக்கத்துப் பெண்களும் வடக்கே உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் மிக்கேலம்மாள், கொஞ்சம் தள்ளிப் பூமயில். மலேரியா மருந்து, முதியோர் பள்ளி, கோழி வளர்ப்பு, எல்லாவற்றையும் பற்றிக் குருநாதன் பேச, சந்தியாகு கூவினார். குரலில் பழைய ஏற்றம் இல்லை. ஏதோ பாரத்தை இறக்கிவைக்கிற மாதிரி ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

குருநாதன் கிணற்றுக்கு வந்தார். "நின்றுபோன வேலையைத் தொடங்க வேண்டும். தோண்டுவதை நீங்கள் உடலுழைப்பாகக் கொடுங்கள். இந்தத் தடவை உறை நிச்சயம் வரும்" என்றார்.

சந்தியாகு வாயைத் திறக்கவில்லை.

காதில் விழவில்லை என்று நினைத்து ஆபீசர் மறுபடியும் சொன்னார். "கேட்டுச்சுங்கய்யா" என்றார் சந்தியாகு, வீட்டில் பேசுகிற குரலில். பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் எனக்குக் கேட்டது. "ஒங்கள ஒன்னு கேக்கணும். அந்த உறை ஒங்க கையில இருக்கா?"

இப்படிப்பட்ட கேள்விக்கு ஆபீசர்கள் சிரிப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். குருநாதன் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் கையில இல்லை பெரியவரே. மேலே எழுதியிருக்கேன். விடாமல் எழுதிக்கிட்டும் இருக்கேன். வரும்னு நம்பறேன். ஆனா இதெல்லாம் அவங்களுக்கு வேண்டாம். வரும்னு மட்டும் சொல்லுங்க. இல்லாட்டா யாரும் தோண்டமாட்டாங்க."

"நான் வரும்னு கூறுனா தோண்டிருவாக. அதாங்கய்யா பயமா இருக்கு."

இடது காதைப் பொத்திக்கொண்டு வடக்கே திரும்பினார். "உறை ஆபீசர் அய்யா கையில இல்லையாம்!" என்று கூவினார். பந்தலில் இருந்தவர்கள் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். "மேல எழுதியிருக்காகளாம்! வந்தாலும் வரும், வராமலும் போகும்! இதுக்கு நான் பொறுப்பில்ல!"

பஞ்சாயத்துத் தலைவர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "ஏலே சந்தியாகு! கூட்டத்தக் கெடுக்கவா ஒன்னக் கூப்புட்டோம்?" குருநாதன் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். ஆபீசரின் முகம் சிவந்திருந்தது. ஆனாலும் அவர் மறுத்து ஒன்றும் பேசவில்லை.

மிக்கேலம்மாள் அப்பாடா என்று முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒருவழியாகத் தப்பித்தார் மனிதர் என்று நினைத்தேன். அப்போது பூமயில் எழுந்தாள்.

"அண்ணே, அப்ப எங்க தண்ணி?"

சந்தியாகு திரும்பி அவளைப் பார்த்தார்.

"பொறுப்பில்லன்னுட்டீக. சரி. இந்தக் கோடையில எங்க புள்ளைக எதக் குடிக்கும்? ஒங்க புள்ளைக எதக் குடிக்கும்? அதையும் கூறிருங்க."

சந்தியாகு கன்னத்தில் இருந்த கல்கண்டை மணலில் துப்பினார். ஆபீசரைப் பார்க்கவில்லை, தலைவரையும் பார்க்கவில்லை. காதைப் பொத்தவில்லை. காலையில் மீன் குவியலுக்கு நடுவில் நிற்பாரே, அப்படிக் காலை அகட்டிக்கொண்டு நின்றார்.

"கெணறு தோண்டணும்!" என்றார். "உறை வரும்னு சொல்ல ஆளில்ல! தோண்டுனா மறுபடியும் மண்ணு சரியலாம்! பாடு பூராவும் வீணாப் போகலாம்! இந்த வெலைக்கு எடுக்க யாரு இருக்கா? ஒரு தரம்!"

ஆண்கள் பக்கத்தில் சிரிப்பு எழுந்தது. "நீங்களே எடுத்துக்கிருங்கண்ணே!" என்றான் எட்வர்ட். "ஏலே, கூறுறவன் ஏலம் எடுக்கக் கூடாதுடா. கரைக் கட்டுப்பாடு தெரியாதா ஒனக்கு?" என்று ஒரு கிழவர் அவனை அதட்டினார். அதற்கும் சிரித்தார்கள்.

"ரெண்டு தரம்!"

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு கோடைக்கு முன்பு மண் சுமந்த கைகள், ஒன்றும் அசையவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. பூமயில் மட்டும் நின்றுகொண்டே இருந்தாள். மிக்கேலம்மாள் புருஷனின் முகத்தைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையை ஆட்டினாள்.

சந்தியாகு அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, மூன்றாவது தரத்தைக் கூறாமலே, தம் வலது கையை மேலே தூக்கினார்.